முங்குகல் மோதிரம்

எண்ணெய் வழியும் தலையில் சுருக்கென்று ஒரு கீறல் விழும். "ஆத்தி!" என்று நான் தலையை இழுத்துக்கொள்வேன். "ஆடாம இருந்தா அது ஏன் கீறப்போகுது" என்று அம்மா பழியையும் என் தலைமேலேயே போட்டுவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்குவாள். கீறியது அவள் விரலில் கிடந்த மோதிரம். குருணை அரிசியைவிடச் சற்றே பெரிய மூன்று சிவப்புக் கற்கள் அதில் வரிசையாக மேடையேறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கல்லையும் நான்கு தங்கக் கம்பிகள் மேலிருந்து வளைந்து பிடித்திருக்கும். அந்தக் கம்பிகளுக்கு எங்கள் வீட்டில் "நண்டுக்கால்" என்று பெயர். சேலை நூல், சாக்குப் பிசிறு, தம்பியின் கன்னம், என் தலைமுடி என்று அந்த நண்டு பிடிக்காத பொருள் கிடையாது.

நான் பிறந்த வருஷம் அப்பா அம்மாவுக்குப் போட்ட மோதிரம் அது. அப்பா போடியிலிருந்து ஏலமலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைவதற்காக அம்மா மோதிரத்தைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, சோறு தண்ணி இறங்காமல் கிடந்து, கடைசியில் உப்புச்சாடிக்குள்ளிருந்து எடுத்தாள். அன்றோடு "கையை விட்டுக் கழட்டுனாத்தான தொலையும்" என்று ஒரு முடிவுக்கு வந்தவள், அதன்பிறகு குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை மாற்ற அப்பாவாலும் முடியாது, அவர் ஜீப்பாலும் முடியாது.

அம்மாவுக்கு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் சோலி. எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் அந்தக் கிட்டங்கி. சிலமலை, ராசிங்காபுரம் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் காலைப் பஸ்சில் வந்து இறங்குவார்கள். நாற்பது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, முழுக்காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம், உள்ளே விதையில்லாத "பொக்கு" ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். அம்மா பொக்கைப் பார்த்துப் பிரிக்கமாட்டாள். உள்ளங்கையை ஒரு தடவு தடவினால் போதும், கனமில்லாத காய் தானாக விரலோடு ஒதுங்கி வரும். அவளை முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் மலைரோட்டில் மண் சரிந்து ஜீப்பு நிற்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த முதல் இடத்துக் கூலியால்தான்.

அப்படி ஒரு மழைக்காலத்துக் காலையில் அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது மோதிரத்தில் முடி மாட்டியது. வலி தாங்காமல் நான் வெடுக்கென்று தலையை இழுத்தேன். முடி அறுந்தது, நண்டுக்கால் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதை நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை. சொன்னால் முதுகில் ஒன்று விழும் என்ற பயத்தில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு வழக்கம்போல நேரே கிட்டங்கிக்குப் போனால், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பெண்கள் இருக்கிற இடத்தில் சத்தமில்லை என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று எனக்குக்கூடப் புரிந்தது. அம்மாவின் மோதிரத்தில் நடுக்கல் இருந்த இடம் பொக்கை வாயாக இருந்தது. கல், பொறுக்கி முடித்த காயோடு விழுந்துவிட்டது. மறுநாள் ஏலத்துக்குப் போகவேண்டிய லோடு அது. கிட்டங்கியைக் கவனித்துக்கொண்ட கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வாங்குகிறவன் கையில் காயோடு கல் அகப்பட்டால் கிட்டங்கியின் பேர் கெட்டுவிடும். கட்டிய மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் குனிந்து பச்சைக் குவியலில் சிவப்பைத் தேடினார்கள். அம்மாதான், "கண்ணால தேடாதீக. கல்லு கனம், மேல நிக்காது. காயிக்கு நடுவுல வழுகி அடிக்குப் போயிருக்கும்" என்றாள். பிறகு குவியலைச் சாக்கின்மேல் மெல்லியதாகப் பரப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் காய்க்கு அடியில் விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனாள். நான்காவது சாக்கின் ஓரத்தில் அவள் கை நின்றது. "சில்லுனு இருக்கு" என்றாள். கையை எடுத்தபோது இரண்டு விரல்களுக்கு நடுவே கல் இருந்தது. அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

கணக்குப்பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் பகல் முழுக்கப் பார்த்த வேலை வீணாகியிருந்தது. "இந்தா பாரு சுருளியம்மா, இனிமே கல்லு மோதிரத்தோட யாரும் சுளகுல கை வைக்கக் கூடாது. கழட்டி வச்சிட்டு வந்தா சோலி உண்டு. இல்லேன்னா வீட்லயே இருங்க" என்றார். மற்ற பெண்கள் மறுநாளே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். அம்மா வீட்டிலேயே இருந்தாள்.

ஐந்து நாள் இருந்தாள். அப்பா, "பொட்டியில வச்சிப் பூட்டிட்டுப் போயேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "பூட்டி வச்சிட்டுப் போனா ஒடம்பு அங்க இருக்கும், மனசு பொட்டிகிட்ட இருக்கும். பொக்கு எது, காய் எதுன்னு கைக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுப்பில்தான் ஒன்றும் இல்லை. முதல் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. எனக்கோ அந்த நண்டுக்காலை நிமிர்த்தியது என் தலைமுடிதான் என்ற குற்ற உணர்ச்சி நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. ஐந்தாம் நாள் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. நிமிர்ந்து நின்ற நண்டுக்காலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "கல்லு வெளியே நீட்டிக்கிட்டு நின்னாத்தான மாட்டும்? உள்ள முங்கிக் கெடந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

அப்போது போடியில் புதிதாகப் பட்டறை போட்டிருந்த ஆசாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோயம்புத்தூர்ப் பக்கம் கல் பதிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்படிப் பதிக்கிறது உண்டுக்கா. ஆம்பளைக மோதிரத்துல பதிச்சிருக்கேன். ஆனா அதுக்குத் தங்கம் தடிமனா வேணும். இது தகடு மாதிரி இருக்கு. இந்தக் காலு, மேடை எல்லாத்தையும் சேத்து உருக்கிப் பட்டையா அடிச்சாத்தான் கல்லு உள்ள எறங்கும்" என்றார். பிறகு விழுந்த கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஒரு ரேகை ஓடுது. அமுக்குறப்ப ரெண்டாப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது. வேற கல்லு வச்சிருவமா?"

"விழுந்து உடையாத கல்லு, அமுக்குனா உடைஞ்சிருமா? அதையே வைங்க" என்றாள் அம்மா.

உருக்குவது என்றதும் அப்பாதான் குதித்தார். "நான் ஆசையாப் போட்டத உருக்கப் போறியா?" என்று கேட்டார். "தங்கத்தையும் கல்லையுந்தான போட்டீக. அது ரெண்டும் எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷமாகக் கையை விட்டு இறங்காத மோதிரம் கரி நெருப்பில் ஒரு சொட்டாகத் திரண்டு உருண்டபோது, அவள் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

சொட்டு கம்பியாகி, கம்பி பட்டையாகி, பட்டை வளையமாகி வந்தது. அதன் நெற்றியில் மூன்று புள்ளிகள் குறித்து, வில்லைப் போல இழுக்கும் துரப்பணத்தால் ஆசாரி துளை போட்டார். அங்கேதான் வித்தை இருந்தது. துளை கல்லைவிடச் சிறியது. கல்லுக்கு ஒரு இடுப்பு உண்டு. அதுதான் அதன் அகலமான இடம். துளையின் வாயை மட்டும் அந்த இடுப்பு நுழையும் அளவுக்குச் சுரண்டிச் சுரண்டி அகலப்படுத்தினார். அதற்குக் கீழே ஒரு சின்னப் படி நிற்கும். கல் அதற்குமேல் இறங்காது. ஒரு குச்சி நுனியில் தேன்மெழுகை ஒட்டி, அதில் கல்லை ஒற்றியெடுத்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி சுரண்டி, மறுபடி வைத்து என்று ஒரு துளைக்கே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு கல் உட்கார்ந்தது. அதன் முகமும் தங்கத்தின் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன.

உட்கார்ந்துவிட்டது, சரி, கவிழ்த்தால் விழுந்துவிடாதா என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் இது" என்று கண்ணாடி போலத் தீட்டிய எஃகு முனை ஒன்றைக் காட்டினார். அதை வைத்துத் துளையின் விளிம்பை அழுத்தி வழித்தார். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகாமல், வடக்கே ஒரு வழிப்பு, நேர் எதிரே தெற்கே ஒரு வழிப்பு, பிறகு கிழக்கு, பிறகு மேற்கு. ஒரு பக்கமே தள்ளினால் கல் சாய்ந்துவிடுமாம். வெட்டுகிற வேலை எதுவும் அதில் இல்லை. இருக்கிற தங்கம்தான் மயிரிழை அளவுக்கு நகர்ந்து கல்லின் இடுப்புக்கு மேலே படிந்தது. காலும் இல்லை, பசையும் இல்லை. சுற்றியிருக்கிற உலோகம் முழுவதும் சேர்ந்து கல்லைப் பிடித்துக்கொள்கிறது. உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரர் அவர்தான் என்று அன்று நினைத்தேன். அந்த எண்ணம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

ரேகை ஓடிய கல்லைக் கடைசியாக எடுத்தார். ரேகை மோதிரத்தின் நீளவாக்கில் கிடக்கும்படி திருப்பி வைத்து, அது படாத இரண்டு பக்கங்களை முதலில் அழுத்தினார். மற்ற இரண்டு பக்கங்களையும் தடவுவது போலத் தள்ளினார். கல் தாங்கியது. பிறகு ஒரு டப்பாவிலிருந்து இலவம்பஞ்சு ஒரு பிசிறு எடுத்து மோதிரத்தின்மேல் இழுத்தார். மற்ற இரண்டு கல்லிலும் மாட்டாத பஞ்சு ரேகைக் கல்லில் ஒரே ஒரு இழையை விட்டுவிட்டுப் போனது.

"இம்புட்டுத்தானக்கா, இதுல ஒண்ணும் மாட்டாது" என்றார் ஆசாரி. மறுபடி அழுத்தினால் கல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

"பஞ்சு மாட்டுனா சாக்கும் மாட்டும்" என்றாள் அம்மா. "பாத்துக்கிருவோம். அமுக்குங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாங்களும் பிடித்துக்கொண்டோம். எஃகு முனை அந்த ஓரத்தில் ஒரே ஒரு முறை நகர்ந்தது. அடுத்த பஞ்சு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "ஒங்க அம்மாகிட்ட வேலை பாக்குறது கஷ்டம் பாப்பா" என்று என்னிடம் சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா மோதிரத்தோடு கிட்டங்கிக்குப் போய்க் கையை நீட்டினாள். கணக்குப்பிள்ளை, "ஒருத்திக்கு விட்டா நாப்பது பேரும் கேப்பாக" என்று முகத்தைத் திருப்பினார். அம்மா முந்தியில் முடிந்து வைத்திருந்த பஞ்சை எடுத்துக் கொடுத்து, "நீங்களே இழுத்துப் பாருங்கண்ணே. ஒரு பிசிறு நின்னாலும் நான் இப்படியே திரும்பிப் போறேன்" என்றாள். அவர் பஞ்சை இழுத்தார், நிற்கவில்லை. நகத்தால் இழுத்தார், தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிவிட்டு, "கல்லு எங்க இருக்குன்னே தெரியலையே" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "கண்ணத் தொறந்து பாருங்க, தெரியும்" என்றாள். கிட்டங்கியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "போய் ஒன் எடத்துல ஒக்காரு. வெரசாப் பாரு, அஞ்சு நாள் சோலி கெடக்கு" என்றார். எனக்கு அன்று இருந்த பெருமையில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் வாங்கிய அடிகூட உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அம்மா அந்த முதல் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த "முங்குகல்" மோதிரத்தோடு கோடிக்கணக்கான காய்களைத் தடவியிருப்பாள். இன்று அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. காயைப் பிரிக்க இயந்திரம் வந்துவிட்டது. வரிசையும் இல்லை, சுளகும் இல்லை. ஜீப்பு ஓட்டிய அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு மதுரையில் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், விரல் மெலிந்து மோதிரம் நிற்கவில்லை என்று தானாகவே கழற்றி என் கையில் வைத்தாள். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

என் விரலுக்குச் சரியாகுமா என்று தடவிப் பார்த்தபோது மூன்று கற்களும் லேசாகக் கையில் தட்டின. பதிப்பு விட்டுவிட்டதோ என்று பதறிப்போய் நகைக்கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்தவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லு மேல வரலைங்க. அது இருந்த எடத்துலதான் இருக்கு. சுத்தி இருக்கிற தங்கம்தான் தேஞ்சு கீழ போயிருச்சு. நூலளவு பிடி இன்னும் மிச்சம் இருக்கு" என்றவர், தலையைத் தூக்கி, "இத்தனை தேயுற அளவுக்கு அவுங்க என்ன வேலைங்க பாத்தாங்க?" என்று கேட்டார். தங்கம் சேர்த்து மறுபடி மட்டமாக்கித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. "தேயாம என்ன செய்யும், கை சும்மாவா இருந்துச்சு?" என்றாள். பிறகு, "கல்லு மூணும் இருக்குல்ல?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்பறம் என்ன" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மோதிரம் இப்போது என் விரலில் கிடக்கிறது. தாளைப் புரட்டிப் பேனா பிடிக்கிற கை. எட்டு வருஷமாகியும் அது ஒரு இம்மிகூடத் தேயவில்லை.