சக்கர நாற்காலியில் இரண்டு கப்பல்கள்

திருச்செங்கோட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். வாடகைக் கார் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். என்னைச் சக்கர நாற்காலியிலிருந்து முன் இருக்கைக்கு மாற்றியதும், நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்ததும் என் மனைவி கோகிலாதான். ஓட்டுநர் பூபதி உதவிக்கு ஓடி வந்தபோது, "நீங்க உடுங்க தம்பி, எனக்கு இது பழகுன வேலை" என்று சொல்லிவிட்டாள்.

நான் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் ரிக் வண்டியில் இருபது வருடம் வேலை பார்த்தவன். ஆறு வருடங்களுக்கு முன்பு சத்தீஸ்கரில் ரிக் மேலேயிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்தபடி ரிக் உதிரிபாக வியாபாரம் செய்கிறேன். ஊர் சுற்றும் ஆசை மட்டும் போகவில்லை. மலைக்கோயில் என்றால் படி, விடுதி என்றால் குறுகிய வாசல். கப்பலில்தான் தரை சமமாக இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, படுக்கிற அறையே நம்மோடு ஊர் ஊராக வருகிறது. அதனால்தான் சென்ற வருடம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கப்பலில் போனோம். இது இரண்டாவது பயணம், வேறு கம்பெனி. என் நாற்காலியின் அகலம் அறுபத்து நாலு சென்டிமீட்டர். கப்பல்களை நான் முதலில் அந்த அளவை வைத்துத்தான் பார்ப்பேன்.

இந்தமுறை முன்பதிவு செய்வதற்கு முன்பு மேட்டூர் போய் ராமலிங்கம் சாரைப் பார்த்தேன். ரசாயன ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தூரத்து உறவு. மத்தியதரைக்கடலில் ஏழு இரவு போய் வந்திருந்தார். விமானக் கட்டணம் போக இருவருக்கும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆனதாம். நூற்றுக்கணக்கான படங்கள் காட்டினார். நீச்சல்குளம், பால்கனி, கேக், கேப்டனோடு கைகுலுக்கல்.

"பாத்ரூம் வாசல்ல படி இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "தெரியலீங்களே. நான் கவனிக்கலீங்க."

அவர் மனைவியும் கவனிக்கவில்லை. ஏழு நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் போனவர்கள்தான். நடக்கிறவர்களிடம் கேட்டு நான் கப்பலைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

நாமக்கல் தாண்டியதும் பூபதி கேட்டான். "ஏனுங்ணா, போன வருசம் போனதுலயே மறுக்கா போயிருக்கலாமுல்ல? அது நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்தது. மூன்று இரவுக்கு இருவருக்கும் தொண்ணூற்று இரண்டாயிரம். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்றே கட்டிய அறை, ஜன்னல் கிடையாது, ஆனால் நாற்காலி தாராளமாக நுழையும் கதவு. குளியலறை வாசலில் படியில்லை, உட்கார்ந்து குளிக்க மடக்குப் பலகை. ஏறிய ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் வந்து, ஆபத்து வந்து லிஃப்ட் நின்றால் என்னை யார், எந்தப் படி வழியாக இறக்குவார்கள் என்று காட்டிவிட்டுப் போனாள். குறை என்றால் கூட்டம்தான். எல்லாவற்றுக்கும் வரிசை. நல்ல சாப்பாட்டுக்குத் தனிக் காசு. நான்காயிரம் பேருக்கு நடுவே நாங்கள் வெறும் அறை எண்.

புதிய கப்பல் அதில் பாதியளவு. நான்கு இரவுக்கு எழுபத்தெட்டாயிரம். இதிலும் எனக்கேற்ற அறை உண்டு என்று எழுதி உறுதி சொல்லியிருந்தார்கள். ஓர் இரவு கூடுதல், பதினாலாயிரம் குறைவு. பூபதியிடம் அதைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். ஏழாம் தளத்தில் அறை. வாங்கிப்போயிருந்த அளவு டேப்பால் கதவை அளந்தேன், எண்பது சென்டிமீட்டர். குளியலறையும் சரியாக இருந்தது. ஆனால் இதிலும் ஜன்னல் இல்லை. கோகிலா உள்ளே வந்து நாலு சுவரையும் பார்த்தாள், விளக்கை அணைத்தாள், உடனே போட்டாள். அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. "பரவால்லீங்க, நாலு நாளுதான" என்றாள். சென்ற வருடம் அந்த மூன்று இரவும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வரவேற்பு மேசையிலிருந்து ஒருவர் வந்தார். கோவாக்காரர். ரிக் வேலையில் கற்ற இந்தி எனக்குக் கைகொடுத்தது. ஒன்பதாம் தளத்தில் பால்கனி அறை ஒன்று காலியாகியிருக்கிறது, கூடுதல் காசு வேண்டாம், மாறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். கதவு அறுபது சென்டிமீட்டர். நாற்காலி நுழையாது. எதிரே படுக்கை விரிப்புகள் வைக்கிற அறை ஒன்று இருந்தது. நாற்காலியை அதில் வைத்துக்கொள்வோம், கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் கொண்டுவருவோம் என்றார். உள்ளே, மேசைக்கு முன்னாலிருந்த சுழல் நாற்காலியை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

கோகிலா பால்கனிக் கதவைத் திறந்து வெளியே நின்றுகொண்டிருந்தாள். காற்றில் முந்தானை பறந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் சுகமாகத்தான் போனது. சாப்பாட்டுக்கூடத்தில் தயிர்சாதம் கேட்டதும் மறுவேளையே வந்தது. பரிமாறியவர் இரண்டாவது வேளையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாடக அரங்கில் எங்களுக்கு முன் வரிசையில் இடம். பெரிய கப்பலில் இதெல்லாம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அறையைவிட்டு வெளியேறவும் ஃபோன் செய்து காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிடம் சில நேரம் இருபதாயிற்று. யாரும் என்னிடம் வந்து படிவழி எதையும் காட்டவில்லை என்பதும் மனதை உறுத்தியது. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் நின்றுவிட்டுக் கப்பல் பினாங்கு நோக்கிக் கிளம்பியது. மாலை நாலு மணி சுமாருக்கு நான் கட்டிலில் படுத்திருந்தேன். "டீ எடுத்துட்டு வாரனுங்க" என்று கோகிலா பன்னிரண்டாம் தளத்துக்குப் போனாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் சங்கு ஒலித்தது. திரும்பத் திரும்ப ஒலித்தது. பிறகு அறிவிப்பு, ஆங்கிலத்தில், சீனத்தில், இந்தியில். சலவைப் பகுதியில் புகை. எல்லோரும் ஆறாம் தளத்தில் கூட வேண்டும். லிஃப்ட் இயங்காது.

வெளியே தடதடவென்று கால்கள் ஓடின. குழந்தைகள் அழுதன. பிறகு சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. வரவேற்பு மேசைக்கு ஃபோன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டேன். துணி கருகும் நாற்றம் லேசாக வந்தது. எனக்கு உதவி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் இந்த அறையில் இருக்கிறேன் என்பது அந்தக் கோவாக்காரரையும் நாற்காலி கொண்டுவருகிறவரையும் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தேன். முழங்கையை ஊன்றி ஊன்றிக் கதவு வரை இழுத்துக்கொண்டு போனேன். கைப்பிடி எட்டியது. ஆனால் கதவு உள்பக்கமாகத் திறப்பது, தானாக மூடிக்கொள்கிற கனமான கதவு. நான் கிடந்த இடமே அதைத் தடுத்தது. திறப்பதும், உடம்பைப் பின்னுக்கு இழுப்பதும், கை நழுவிக் கதவு மூடுவதுமாக மூன்று நான்கு முறை தோற்றேன். கடைசியில் திறந்த இடுக்கில் தோளைக் கொடுத்துவிட்டேன். வலித்தது, ஆனால் மூடவில்லை.

நடைபாதையில் ஒருவரும் இல்லை. இரண்டு கோடியிலும் தீத்தடுப்புக் கதவுகள் சாத்தியிருந்தன. முதலில் ஆங்கிலத்தில் கத்தினேன், பிறகு இந்தியில். கடைசியில், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று நம் பேச்சே வந்துவிட்டது.

கோகிலாவுக்கு நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பன்னிரண்டாம் தளத்துப் படியில் ஒரு காவலர் கையை நீட்டி எல்லோரையும் வேறு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தாராம். "ஊட்டுக்காரரு ரூம்ல இருக்காருங்க, நடக்க முடியாதுங்க" என்று இவள் சொல்ல, அவர் ஆறு விரலைக் காட்டி ஆங்கிலத்தில் ஆறு, ஆறு என்றாராம். இவள் குனிந்து அவர் கைக்கு அடியில் புகுந்துவிட்டாள். ஒன்பதாம் தளத்தில் தீக்கதவு சாத்தியிருந்தது. பூட்டியிருக்கிறது என்று நினைத்து அடித்திருக்கிறாள். அடித்த வேகத்தில் அது திறந்துகொண்டது. தள்ளினால் திறக்கிற கதவுதான்.

வெறுங்காலோடு ஓடி வந்தாள். சேலையெல்லாம் டீ. "வந்துட்டனுங்க, வந்துட்டன்!"

எதிர் அறைக் கதவை உலுக்கினாள். பூட்டியிருந்தது. நாற்காலி உள்ளே. அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கினாள், தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ போய் ஆளக் கூட்டிட்டு வா" என்றேன்.

"போமாட்டேன். வேற வழி சொல்லுங்க."

"அப்ப பெட்சீட்ட உருவு."

விரிப்பை உருவிக் கீழே போட்டு, என்னை அதில் உருட்டி, முனையைத் தோளில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். நான் கைகளால் தரையைத் தள்ளினேன். கம்பளத் தரை வழுக்கவில்லை, ஒவ்வொரு அடியும் மல்லுக்கட்டுதான். முட்டித் தீக்கதவைத் திறந்து படிக்கட்டுத் தளத்துக்கு வந்தபோது, கீழேயிருந்து இரண்டு ஊழியர்கள் படியில் இறக்குகிற நாற்காலியோடு ஏறி வந்தார்கள். முதலில் ஏழாம் தளத்தில் எங்கள் பழைய அறைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஆளில்லை. விசாரித்துக்கொண்டு மேலே வர அவ்வளவு நேரம்.

என்னை உட்கார வைத்து மார்பிலும் காலிலும் பட்டை போட்டு இறக்கினார்கள். கோகிலா பின்னாலேயே, தமிழில் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஏழாம் தளம் வந்தபோது அறிவிப்பு ஒலித்தது. புகை அடங்கிவிட்டது, ஆபத்தில்லை. ஊழியரில் இளையவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோகிலா திட்டுவதை நிறுத்திவிட்டு, என் காலடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அந்தக் கோவாக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தார். தவறு தங்கள் மேல்தான் என்று சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டார். அறை மாறியபோது தீயணைப்புக் குழுவுக்குச் சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் பாதிக் கட்டணச் சலுகை தருவதாகச் சொன்னார்.

"சலுகை கெடக்குது. பழைய ரூமக் குடுக்கச் சொல்லுங்க. நாற்காலி எங்க கண்ணு முன்னாடி இருக்கோணும்" என்றாள் கோகிலா. நான் இந்தியில் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் ஏழாம் தளத்துக்கே வந்துவிட்டோம். மறுநாள் காலை அந்த அதிகாரியே வந்து, படியிறக்கும் நாற்காலியில் என்னை உட்கார வைத்து இரண்டு தளம் இறக்கிக் காட்டினார். பினாங்கில் சாய்தளம் வழியாக இறங்கிக் கடைத்தெரு சுற்றினோம். கோகிலா என்னைவிட்டுப் பத்தடி நகரவில்லை. அந்த அறையின் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டுகிற கடல் ஒரு சேனலில் ஓடியது. அதைப் போட்டுவிட்டால் அறைக்கு வெளிச்சமும் ஆயிற்று. மிச்ச இரவுகள் அதன் நீல வெளிச்சத்தில் அவள் நன்றாகவே தூங்கினாள். தூங்காமல் கிடந்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில் இறங்கினோம். எங்களைப்போல் போக நினைப்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கும் மனிதர்களின் அன்புக்கும் சின்னக் கப்பல். நிம்மதிக்குப் பெரிய கப்பல். எதில் போனாலும் இலவசமாக வருகிற நல்ல அறைக்கு மயங்கி, உங்களுக்கென்று கட்டிய அறையை விடாதீர்கள். ஏறிய அன்றே, லிஃப்ட் நின்றால் என்னை யார் இறக்குவது என்று கேட்டு, அந்த ஆளை நேரில் பார்த்துவிடுங்கள்.

புதன்கிழமை மதியம் திருச்சியில் பூபதி காத்திருந்தான். முசிறி வரும்வரை நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே வண்டியோட்டினான். இடதுபக்கம் காவிரி கூடவே வந்தது.

பின் இருக்கையிலிருந்து கோகிலா திடீரென்று கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கதவுல தோள வெச்சுட்டுக் கெடந்தீங்களே, அப்ப நான் வருவன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "நீ வந்தராத, கீழயே இருந்துக்கோன்னு சாமியக் கும்புட்டுட்டுக் கெடந்தேன்."

பூபதி கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சாலையைப் பார்த்தான்.

"உங்க வேண்டுதலு என்னைக்குங்க பலிச்சிருக்குது?" என்றாள் கோகிலா.

பூபதிதான் முதலில் சிரித்தான். கோகிலா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். தொட்டியம் தாண்டும்வரை அதை எடுக்கவில்லை.