உபவாசம் என்று நினைத்தார்கள்

முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கான விதிமுறைகளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் வாசித்தார்கள். மற்றவர்கள் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடக் கிளம்பிவிட்டார்கள். நானும் என் மனைவியும் மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கைபேசி கூடாது, சரி. நகை கூடாது, அதற்கு எங்களிடம் வழியே இல்லை. வீட்டுப் பலகாரம் கூடாது, பெற்றோர் கடைசி நாளன்றுதான் வரலாம், விளக்கணைத்த பிறகு பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. எந்த முகாமிலும் உள்ளவைதான். எங்களை எழவிடாமல் செய்தது வேறொரு விதி. காலையில் மணி அடித்ததும் பாயைச் சுருட்டிப் போர்வையை மடித்து வைக்க வேண்டும். ஒரு குழுவின் படுக்கைகளை இன்னொரு குழுப் பிள்ளைகள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எங்கள் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தூக்கத்தில் சிறுநீர் போவது அவளுக்கு நிற்கவில்லை. தினமும் இல்லை, ஆனால் எந்த நாள் என்று சொல்லவும் முடியாது. நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சில பிள்ளைகளுக்கு நாளாகும், தானாக நின்றுவிடும், சாயந்தரத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சொந்தக்காரர்களில் சபைக்கு வராதவர்கள் தாயத்துக் கட்டச் சொன்னார்கள். வருகிறவர்களிடம் நாங்கள் மூச்சே விடவில்லை. விட்டிருந்தால் ஜெபக் குறிப்பில் சேர்த்து, கூட்டத்தில் சத்தமாக வாசித்து, என் பிள்ளையின் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டிருப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள், அதுதான் பயமே.

முந்தைய இரண்டு வருடமும் முகாம் நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்திருந்தோம். இந்த முறை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சபையின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் போகிறார்கள்.

"இந்த வருசமும் போகலைன்னா என்னமோ இருக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சுருமுங்கப்பா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. போனாலும் தெரிந்துவிடும், போகாவிட்டாலும் தெரிந்துவிடும். நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவன். ஆனால் கோபப்பட அங்கே ஆளே இல்லை.

எனக்கு லாரிகளுக்குச் சீட் தைக்கிற கடை. பன்னிரண்டு வருடம் டிரைவர்களின் முதுகுவலிக்கு வழி கண்டுபிடித்தவன், மகளின் பாய்க்கு வழி கண்டுபிடிக்க மாட்டேனா என்று ஒரு திமிர். மெல்லிய ரெக்சினில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் பருத்தித் துணி வைத்து, வெளியே தெரியாதபடி மெத்தை விரிப்பு ஒன்று தைத்தேன். நிறத்தைக்கூட அவளைக் கேட்டுத்தான் எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்ததும் அவள் அதன்மேல் படுத்து இடதும் வலதும் புரண்டு பார்த்தாள். அதில் ஒரு சரசர சத்தம். அவள் எழுந்து அதை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"சத்தம் கேக்குதுங்கப்பா. பக்கத்துல படுக்கறவங்க என்னன்னு கேப்பாங்க."

மூன்று விதமாகத் தைத்துப் பார்த்தேன். மூன்றும் சத்தம் போட்டன. கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் போலக் கோரைப்பாயும் போர்வையுமே போதும் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் தண்ணீர்ச் செம்பைத் தொடுவது குறைந்தது. முதலில் சாயந்தரம் ஆறு மணி, பிறகு நான்கு, பிறகு மதியச் சாப்பாட்டோடு சரி. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை கொதிக்கிறது, இவள் சோற்றுக்கு ரசம்கூட வேண்டாம் என்கிறாள். திட்டினேன். என் மனைவி மோரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். எங்கள் கண் முன்னால் இரண்டு வாய் குடிப்பாள். பாயும் ஒரு வாரம் நனையவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல் எங்களைப் பார்ப்பாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எங்களுக்கும் மனசு வரவில்லை.

கிளம்பும் நாளன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க. வார்டன்கிட்டகூட."

"சொல்ல மாட்டேன் சாமி."

"செத்தாலும்?"

"வாய மூடு. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

முகாம் நடந்த இடம் ஓமலூர் தாண்டி மேட்டூர்ச் சாலையில் இருந்தது. சுற்றிலும் மாந்தோப்பு, நடுவில் ஒரு பெரிய கூடம், தகரம் போட்ட விடுதிகள். பெண் பிள்ளைகளின் வார்டன் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசலில் மேசை போட்டு ஒவ்வொரு பையையும் கவிழ்த்துப் பார்த்தார். ஒருத்தியின் பாவாடைக்குள்ளிருந்து முறுக்குப் பொட்டலம் வந்தது, ஒருத்தியின் பைபிள் உறைக்குள்ளிருந்து கைபேசி வந்தது. போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சோதனை கிடையாது. நான் என் மகளை "சாமி, பையைக் குடு" என்று கூப்பிட்டபோது அவர் தலை தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளைய சாமின்னா கூப்பிடுதீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தானுங்க. பெரியவங்களையும் சாமிம்போம், சின்னதையும் சாமிம்போம்."

அவர் சிரிக்கவில்லை. நான் மெதுவாக, ராத்திரியில் பிள்ளைகளுக்கு வெளியே போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "லைட்ட அணைச்ச பெறவு யாரும் எந்திரிக்கக் கூடாது. அவசரம்னா என்னைய எழுப்பணும். அதான் விதி" என்றார். என் மகள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே திக்கென்றது. நான்காம் நாள் காலையில் கடையில் ஒரு சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த வார்டனிடமிருந்து அழைப்பு வந்தது. வந்துவிட்டது வினை என்று நினைத்தேன். ஆனால் அவர் குரல் கனிந்து போயிருந்தது.

"ஸ்தோத்திரம் பிரதர். பயப்படாதீங்க, நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். நேத்து எங்களுக்கு உபவாச ஜெபம். பிள்ளைங்களுக்கு மத்தியானம் வரைக்குந்தான். உங்க மக சாயந்தரம் வரைக்கும் இருந்தா. பச்சத் தண்ணி பல்லுல படல. இன்னைக்கும் தொடரப் போறேங்கா. இந்த வயசுல இப்படி ஒரு வாஞ்சையா! காலையில மேடையில நிறுத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் சாட்சியாக் காட்டினோம்."

கத்தரியைக் கீழே போட்டேன். உபவாசமாவது வாஞ்சையாவது. தண்ணீர் குடிக்காமலிருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு இவர்களே காரணத்தைக் கையில் கொடுத்து, மேடையில் ஏற்றி, இனி இறங்க முடியாதபடி செய்துவிட்டார்கள். கைதட்டு வாங்கிய பிறகு அவள் எப்படி டம்ளரைத் தொடுவாள்?

"மேடம், அவளுக்குத் தண்ணி குடுங்க. இப்பவே குடுங்க."

"ஏன் பிரதர், பிள்ளையோட தீர்மானத்தத் தடுக்கலாமா?"

"வெயிலு தாங்க மாட்டா மேடம். நான் அவகூட ஒரு நிமிசம் பேசறேன்."

"போன்ல பேச விதி இல்ல. நீங்க கவலப்படாதீங்க, நாங்க ஜெபிக்கோம்."

உண்மையைச் சொல்லிவிடலாம், ஒரே ஒரு வாக்கியம்தான். செத்தாலும் என்று அவள் கேட்டது காதில் நின்றது. அதற்குள் வார்டன் போனை வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். உபவாசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் புரிந்துவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, அவ போனதுல இருந்தே சரியாக் குடிச்சிருக்க மாட்டாளுங்க. நேத்து இல்ல, போன அன்னைக்கே கொறச்சிருப்பா. போங்க. சொல்லிப்போட்டாலும் பரவால்ல, புள்ள உசுரோட வேணும்."

வண்டியை எடுத்தேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சேலம் வரைக்கும் முன்னாலும் பின்னாலும் லாரிகள். அவற்றில் பாதிக்கு நான் சீட் தைத்திருப்பேன், எனக்கு ஒருவனும் வழி விடவில்லை. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகத் திட்டிக்கொண்டே போனேன். வார்டனை, டாக்டரை, படுக்கைக்கு மதிப்பெண் போடக் கண்டுபிடித்த மகானை, யாரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஆண்டவரிடம் திரும்பி, உனக்காக என்று சொல்லி ஒரு பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கிறாள், உனக்குத் தெரியுமே, நீயாவது சொல்லக்கூடாதா என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கத் தைரியம் இல்லை.

வாசலில் காவலாளி, பெற்றோருக்கு அனுமதி இல்லை என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வார்டனே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இப்பத்தான் உங்களுக்கு போன் மேல போன் போட்டேன். பாட்டு நடக்கும்போது மயங்கி விழுந்துட்டா பிரதர். கண்ணு முழிச்சிட்டா. ஆனா குடுத்த தண்ணியக் குடிக்க மாட்டேங்கா. பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கா. இப்படியே குடிக்கலைன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னு நர்சு சொல்லுதா. நாங்க என்ன குத்தம் செஞ்சோம்னே தெரியல."

சிக் ரூமுக்கு வெளியே, தாழ்வாரத்தில் வைத்து, நான் சொன்னேன். என் மகளுக்கு நான் கொடுத்த வாக்கை என் வாயாலேயே உடைத்தேன். "அவளுக்குத் தூக்கத்துல ஒண்ணுக்குப் போயிருமுங்க மேடம். காலைல புள்ளைங்க பாய் பாக்க வருவாங்கன்னுதான் குடிக்காம இருக்கறா. சாமிக்காக இல்லீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். நாற்பது வயது ஆம்பிளை, கையில் ஹெல்மெட்டோடு, முன்பின் தெரியாத அம்மா ஒருவர் முன்னால் விக்கி விக்கி அழுகிறேன். அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே கட்டிலில் என் பிள்ளை ஒரு சாண் அகலத்துக்குக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நர்ஸ் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை வாயருகே வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். என்னைக் குனியச் சொல்லி, காதோடு காதாகக் கேட்டாள்.

"எதுக்குங்கப்பா வந்தீங்க? சொல்லிப்போட்டீங்களா?"

நான் நர்ஸ் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். வார்டனம்மா பின்னாலிருந்து அதட்டினார்.

"என்ன ரகசியம் பேசுதீங்க? உங்கப்பா வந்ததுல இருந்து எங்கூட சண்டைதான் போடுதாரு, பிள்ளையப் பட்டினி போட்டுட்டேன்னு. இங்க பாரு, நல்லாக் கேட்டுக்கோ. முகாம்ல மயக்கம் போட்டு விழுந்த பிள்ளை, முடியுற வரைக்கும் என் ரூம்லதான் படுக்கணும். படுக்கைய நாந்தான் விரிப்பேன், நாந்தான் எடுப்பேன். எந்தப் பிள்ளையும் பாக்க வரக்கூடாது. மார்க்கும் கெடையாது. இது விதி."

அந்த விதிமுறைகளை நானும் என் மனைவியும் எத்தனை தடவை படித்திருப்போம். வரி வரியாக மனப்பாடம். அப்படி ஒரு விதி அதில் எங்கேயும் கிடையாது. என் மகளுக்கும் அது தெரியும்.

"அப்படி ஒண்ணு வாசிக்கவே இல்லையே மேடம்" என்றாள், வராத குரலில்.

"எல்லாத்தையும் உங்கிட்ட வாசிச்சுக் காட்டணுமோ? வார்டன் நானா நீயா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆமாங்களாப்பா?"

"ஆமா சாமி. எனக்கும் இப்பத்தான் சொன்னாங்க."

"படுக்கைய நானே எடுத்து வைக்கறனே மேடம்."

"கூடாது. விதின்னா விதி."

அவள் கூரையைப் பார்த்தாள். கடித்திருந்த பல் தளர்ந்தது. நான் தலையைத் தூக்கிப் பிடித்தேன், அந்த அம்மா நர்ஸிடமிருந்து டம்ளரை வாங்கி அவள் வாயில் வைத்தார். முதல் வாய் உள்ளே போகாமல் கழுத்தில் வழிந்தது. இரண்டாவது போயிற்று. மெதுவா, மெதுவா என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, டம்ளரை அந்த அம்மாவின் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.