குதிரைக்கு வைத்த பொட்டு

சிலமலையிலிருந்து போன் வந்தபோது போடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர் மாரிமுத்து அண்ணன் காலையில் இறந்துவிட்டார் என்றார்கள். நான் ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். எஸ்டேட் பங்களாவைப் பார்த்துக்கொண்டவர். நான் ஆபீசில் டைப்பிஸ்ட். பங்களாக் கூடத்தில் துரைமார் விட்டுப்போன பழைய இங்கிலாந்து ஓவியங்கள் மாட்டியிருக்கும். சிவப்புக் கோட்டுப் போட்டுக் குதிரையில் நரி வேட்டைக்குப் போகிறவர்கள், பாயும் நாய்கள், கொழுத்த மாடுகள். அண்ணன் தினமும் உலர்ந்த துணியால் பூப்போலத் துடைப்பார். "ஒத்த நரியப் புடிக்க இத்தன பேரா? நம்ம தேவாரம் ஊருக்குள்ள யானை எறங்குது, ஒருத்தன் வரமாட்டேங்குறான்" என்பார். "படத்துக்குத் தண்ணி மட்டும் காட்டிராத தாயி" என்றும் சொல்லியிருந்தார். நான் எங்கே கேட்டேன்?

ஒரு ஆயுத பூஜையன்று அவர் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தார். நான் ஜீப்புக்கும் டைப்ரைட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். குதிரையும் ஏறிப்போகிற வண்டிதானே என்று, பெரிய ஓவியத்தில் முன்னால் நின்ற குதிரையின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அதற்குக் கண்ணாடி கிடையாது. முதலாளி வருகிறார் என்று தகவல் வந்ததும் பதறிப்போய், சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். பொட்டோடு குதிரையின் முகமும் வந்துவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக்கொண்டார். பிறகு, "அழுவாத. நாந்தான்னு சொல்லிக்கிறேன். என்னைய எங்க போட்டாலும் சோலி ஓடும். நீ வேலையில்லாம கீழ போயி என்ன செய்வ?" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

முதலாளி அவரை, விறகு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மாற்றினார். பதினோரு வருடம் அந்தப் புகையில் கிடந்தார். இருமல் அங்கேதான் ஒட்டியது. பங்களாவுக்குள் அவரை மறுபடி விடவேயில்லை. ஒருமுறை, "அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "விடு தாயி, காப்பி ஆறுது" என்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அதுதானே வசதி.

துக்க வீட்டில் அண்ணனின் மனைவி, மதினி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பிள்ளை மாதிரி பாத்துக்கிட்ட படத்த அவரே கெடுத்திருப்பாரா தாயி? கேட்டா சிரிப்பாரு, சொல்ல மாட்டாரு."

"தெரியலயே மதினி" என்றேன். அண்ணன் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதையும் சொன்னேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பேர் ஒன்றுதான். இத்தனை வருடம் அதை நான் வைத்துக்கொண்டிருந்தேன். மதினி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர் கெடுக்கவில்லை. நான்தான்.