தேவகி தள்ளவிடாத ஒரு வரி

தேவகி போன செய்தி எனக்கு ஆய்வகத்திலிருந்து வரவில்லை. பலமனேரிலிருந்து கோமதிதான் போன் செய்தார். மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போன யாமினி என்ற குழந்தையின் அம்மா. மாத்திரை பற்றி ஏதோ கேட்கத் தேவகியைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது தேவகியின் தம்பி. "சார், அக்கா போய்ட்டாங்களாம். நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்று கோமதி அழுதார். காலை பத்து மணி. திருப்பதியில் என் எதிர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து, "இன்றைக்கும் ரயிலைத் தவறவிட்டாயிற்றா" என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டு இன்னும் வாயில் கசக்கிறது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் புதிதாக என்ன சொல்ல? பாகாலா பக்கத்துக் கிராமம். கூலிக்குப் போன குடும்பம். நோயாளிக் குழந்தைகளின் மரபணுக்களை இயந்திரம் படித்துத் தரும்போது பிழைகளும் கலந்தே வரும். அவற்றை பில்டர் என்கிற கணினிச் சல்லடை போட்டுத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் நோய்க்குக் காரணத்தைத் தேடுவது எங்கள் இருவரின் வேலை. நான் வேகமாகத் தள்ளுவேன். நான் தள்ளியதை அவர் கிளறுவார். "ஒரு தபா பாத்துட்டு தள்ளுங்க சார்" என்று அவர் சொல்லிக் கேட்காதவர் நம்மில் யார்? எனக்கு எரிச்சலாகத்தான் வரும். அதை நான் மறைத்ததும் இல்லை.

யாமினிக்கு அப்போது ஒன்றரை வயது. வலிப்பு நிற்கவில்லை, தலைமுடி கொட்டிக்கொண்டிருந்தது. இதே மாதிரி இருந்துதான் அவள் அண்ணன் இறந்திருந்தான். நான் பில்டரை ஓட்டினேன். உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. 'காரணம் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதை அனுப்ப மாட்டேன் என்றார் தேவகி. தள்ளிய பட்டியலில் ஒரு வரியைக் காட்டினார்; ஒரு வரி என்றால் ஒரு மரபணு மாற்றம்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டிலும் ஒரே மாற்றம் உள்ளவர்கள் எதிர்பார்த்ததற்கு மேல் அதிகமாக வந்தால், இயந்திரத்தின் பிழை என்று பில்டர் அந்த வரியையே தள்ளிவிடும். ஆனால் அந்த எதிர்பார்ப்பு, சொந்தத்தில் கல்யாணம் செய்யாத ஜனங்களை வைத்துப் போட்டது, சொந்தத்தில் கட்டினால் இரண்டு பிரதியும் ஒன்றாக அமைவது சகஜம் என்றார் தேவகி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோமதியின் படிவத்தை எடுத்துக் காட்டினேன். கணவன் மனைவிக்குள் உறவு: 'சொந்தம் இல்லை'. அநேகமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

தேவகி சிரித்தார். "சொந்தம்னு சொன்னா டாக்டருங்க திட்றாங்க சார். அதான் எங்க ஜனம் இல்லன்னு எழுதிடும். கேக்கற மாதிரி கேக்கணும், அந்தே, அவ்ளோதான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோமதியிடம் போனார். நானும் பின்னால் போனேன். குழந்தைக்கு வாழைப்பழம் உரித்து, "மெதுவா துன்னு கண்ணு" என்று ஊட்டிக்கொண்டே கேட்டார். "ஒங்க மாமியார என்னான்னு கூப்புடுவ?"

"ஆயான்னுதான்க்கா."

அந்தப் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. அவரே மாமியார் என்றால், கட்டியிருப்பது தாய்மாமனை. தேவகி என் பக்கம் திரும்பினார். "எங்க நைனாவும் எங்கம்மாவுக்குத் தாய்மாமன்தான். பாவம், ஒங்க பில்டரு எங்க ஊர்ல பொண்ணு எடுத்ததில்ல சார்."

அந்த வரியை வேறு முறையில் சோதித்துப் பார்த்தோம். உண்மைதான். உடம்பு ஒரு வைட்டமினைச் சரியாகப் பயன்படுத்த முடியாத கோளாறு. தினமும் மாத்திரை கொடுத்தால் போதும். யாமினிக்கு வலிப்பு நின்றது, முடி வளர்ந்தது. அதே வரியால் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் காரணம் தெரிந்தது. நான் கையெழுத்திட்ட அறிக்கையைத் தேவகி என் முன்னாலேயே கிழித்துப் போட்டார். கடைசி வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் இன்று நானே சொல்கிறேன்.

அடக்கத்துக்கு யாமினியும் வந்திருந்தாள், இரட்டைச் சடையோடு. என் சட்டையைப் பிடித்திழுத்து, "பெரிம்மா ஏன் இன்னும் தூங்கிக்கினே கீது?" என்றாள். கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அழுதுகொண்டே அவளைத் தூக்கிக்கொண்டேன். நல்ல கனம்.

போன வாரம் புதிய மாதிரிகள் வந்தன. பில்டர் தள்ளிய பட்டியலைப் படிக்காமல் மூடப் போனேன், கை வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்ததில், நாராயணவனத்துக் கைக்குழந்தை ஒன்றின் வரி உறுத்தியது. படிவத்தில் வழக்கம்போல 'சொந்தம் இல்லை'. தேவகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்து, குரலில் அதட்டல் வராமல், அவர் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"ஒங்க மாமியார என்னான்னு கூப்புடுவம்மா?"

"ஆயான்னு, சார்."

தள்ளிய வரியை எடுத்து, சோதிக்க வேண்டிய பட்டியலின் மேலே வைத்தேன்.