திருஷ்டிக்குக் கேட்ட செருப்பு

வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாள். இன்று அதையும் செருப்பு கழுவியே தொலைத்தேன்.

சேக்காட்டுத் தெருப் புழுதியும் இந்த வெயிலின் வியர்வையும் சேர்ந்து, வெள்ளைச் செருப்பின் உள்ளே என் பாதம் அப்படியே கறுப்பாகப் பதிந்திருந்தது. பழைய டூத் பிரஷ், சோடா உப்பு, துணி சோப்பு. முக்கால் மணி நேரம் தேய்த்ததில் என் இடுப்புதான் போனது. கறை போகவில்லை, கொஞ்சம் வெளுத்தது.

போதும் என்று வாசல் கேட்டின் கம்பியில் மாட்டிக் காயவிட்டேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். சாரத்தின் மேலிருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

“யக்கா, அந்தச் செருப்பு சும்மாதான தொங்கினு கீது?”

“காயுதுண்ணா. இப்பத்தான் கழுவுனேன்.”

“கழுவுனதா?” இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். “இல்லக்கா, புது ஊட்டுக்குத் திருஷ்டி கட்ட ஒரு பிஞ்ச செருப்பு தேடிக்கினு கீறோம். ஒத்தைய குட்தாகூடப் போதும்.”

கொடுக்கவில்லை. நாளைக்கு ஆபீசுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

கறை போக வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை என் மேல் யார் கண்ணும் படாது.