தமிழ் தெரியுமா என்று கேட்டவள்

எங்கள் செங்கல்பட்டு அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நேற்று 'அன்புடையீர்' என்று அடித்தால், வாயில் நுழையாத ஏதோ ஒன்று விழுந்தது.

வந்த கோபத்தில் கைப்பேசியை எடுத்து, இதைச் செய்தவருக்குத் தமிழ் தெரியுமா என்று மென்பொருள் நிறுவனத்தின் புகார்ப் பெட்டியில் கேட்டுவிட்டேன்.

இன்று மதியம் பொத்தேரியிலிருந்து ரயிலேறி, அதைச் செய்த பெண்ணே வந்துவிட்டார்.

"மேடம், நீங்க பழைய டைப்ரைட்டர் முறையில அடிக்கிறீங்க. இதுல தமிழ்99 கீபோர்டு இருக்கு. மொத தடவ தொறந்தப்போ எது வேணும்னு கேட்டிருக்குமே?"

கேட்டது. படிக்காமல் 'சரி'யை அமுக்கியது நான்தான்.

"ஒரு தடவ கேட்டுட்டு மறைஞ்சிடுது மேடம். அது எங்க தப்புதான், மாத்திடறோம்" என்று குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் என் புகாரை அழித்துவிடலாம் என்று திறந்தேன். நான் எழுதியிருந்தது இது: "இதைச் செய்தவருக்குத் தமிள் தெரியுமா?"

அனுப்பிய புகாரை அழிக்கும் வசதி அடுத்த பதிப்பில்தான் வருமாம். பொறுமையாகக் காத்திருக்கிறேன். அதுவரை தயவுசெய்து யாரும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்.