தீமிதித்த பின் எடுத்த ரத்தம்

மரக்காணம் உப்பளத்தில் வேலம்மாள் கூடை தூக்காமல் இருந்தது ஒரே ஒரு வருஷம்தான், 1976. வரப்பில் பத்தடி நடந்தாலே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். பாதி வழியில் சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் படபடப்பு அடங்கியது. மற்ற பெண்களோடு மறுபடியும் உப்புச் சுமந்தாள்.

அந்த மாத்திரை ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறதா என்று அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு போய், குளுகோஸ் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணிக்கொரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். வேலம்மாளும் கைநாட்டு வைத்திருந்தாள்.

மூன்றாம் தடவை சர்க்கரை கூடியிருந்தது. வியாதி என்று சொல்ல முடியாது, அதன் வாசலில் நிற்கிறாள், மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா ஞானாம்பாள். வேலம்மாளுக்கு அந்த வரப்புதான் கண்முன் வந்தது.

பரிசோதனைக்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்க, கூட வந்த நாத்தனார் சுலோசனா வழக்கம்போல முந்திக்கொண்டாள். மூன்று வேளையும் சோறுதான் என்றாள்.

வேலம்மாள் தரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். "இல்லீங்க. தீமிதிக்கக் காப்பு கட்டியிருந்தேன். பத்து நாளா சோறே தொடல. எளநீ, வாழப்பழம், அவ்ளோதான். மிதிச்ச மறுநாளு காலையில இங்க வந்தேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"ஒரு ராத்திரி வெறும் வயிறு கேட்டீங்க. பத்து நாளுன்னா இன்னும் நல்லதுன்னு நெனச்சேங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பல நாள் காய்ந்த உடம்பு திடீரென்று வரும் சர்க்கரையைச் சமாளிக்கத் திணறும் என்று விளக்கினார். மூன்று நாள் வயிறாரச் சோறு தின்றுவிட்டு வரச் சொன்னார்.

"எனக்குத் தெரியாம எப்பிடி அண்ணி பட்டினி கெடந்த?" என்று வழியெல்லாம் கேட்டாள் சுலோசனா. அந்த மூன்று நாளும் அவளே பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள்.

மறுபடி எடுத்த ரத்தத்தில் சர்க்கரை பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. மாத்திரையை விட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டுமுன் வேலம்மாள் சுலோசனாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மரக்காணத்தில் அவளை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.